திரையில் விழுந்த மஞ்சள்

கோவிந்தராஜன் ஸாரைப் பழி வாங்க நான் தேர்ந்தெடுத்த நாள் சரஸ்வதி பூஜை. தற்செயலாக அமைந்த தேதி இல்லை. காலண்டரைப் பார்த்து, விரலை வைத்து, வேண்டுமென்றே குறித்தேன். பின்னால் யாராவது கேட்டு நான் மழுப்ப வேண்டாம் என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கொல்கத்தாவில் அது நவராத்திரியில் வருவதில்லை, தை மாசியில் வரும் வசந்த பஞ்சமி; அன்றைக்கு ஊரே மஞ்சள் உடுத்தும். பள்ளிக்கூடப் பிள்ளைகளிலிருந்து பாங்க் மேனேஜர் வரைக்கும் மஞ்சள்தான். பெண்களுக்கு மஞ்சள் புடவை, ஆண்களுக்கு இங்கே 'பஞ்சாபி' என்று சொல்லும் முழங்கால் வரை நீண்ட ஜிப்பா. கோவிந்தராஜன் ஸார் சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழர். இந்த விஷயத்தில் வங்காளிகளைவிட ஒரு படி மேலே போய், பார்த்தால் கண் கூசுகிற மஞ்சளில் தைத்துப் போடுவார். ஆபீஸ் பூஜையில் பூப்போட்டுக் கும்பிட்டுவிட்டு உடை மாற்றாமல் நேரே என்னிடம் வருவார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் காலை பதினொன்றரை மணிக்கு வரச் சொன்னேன்.

என் பெயர் சாய்பிரியா. ஜாதவ்பூரில் ஒரு மாடியறையில், புது லேப்டாப்களின் திரையைச் சோதித்துச் சான்று தரும் சின்ன நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். புடவைக்கடை, நகைக்கடை, அச்சகம் என்று நிறத்தை நம்பிப் பிழைப்பவர்கள் எங்களிடம் வருவார்கள். திரையின் மேல் ஒரு சின்ன மீட்டரைத் தொங்கவிடுவோம். கம்ப்யூட்டர் ஒவ்வொரு நிறமாகக் காட்டக் காட்ட, கேட்ட நிறத்துக்கும் திரை காட்டிய நிறத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று மீட்டர் எண்ணாகச் சொல்லும். அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டுவதுதான் கலிப்ரேஷன். இரண்டுக்குக் கீழே வந்தால் திரை தேறியது. அஞ்சுக்கு மேலே போனால் அதில் படம் பார்க்கலாம், புடவை விற்க முடியாது.

போன வருஷம் இதே வேலையைப் பவானிபூரில் கோவிந்தராஜன் ஸாரிடம் பார்த்தேன். கேட்லாக் படங்களைத் திருத்தித் தரும் நிறுவனம் அது, அவர்தான் மேனேஜர். எங்களிடம் இருந்ததெல்லாம் பழைய மானிட்டர்கள், பளபளப்பில்லாத சொரசொரப்புத் திரை. அவர் ஆசை ஆசையாக எட்டு புது லேப்டாப் வாங்கினார். கண்ணாடி மாதிரி மின்னும் திரை. பூஜைக்கு முந்தின நாள் எட்டையும் நான் கலிப்ரேட் செய்தேன். எல்லாமே ஒன்றரைக்குக் கீழே. எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் சரஸ்வதி பூஜை. வசுந்தரா மேடத்தின் பட்டுக்கடைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு புடவைப் படங்களைச் சாயங்காலம் ஐந்து மணிக்கு அனுப்ப வேண்டும். ஆபீஸிலேயே பூஜை முடித்து, போகம் என்று பிரசாதமாகக் கொடுத்த கிச்சடியைச் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் இருக்கையில் உட்கார்ந்தோம். ஸார் புது லேப்டாப்பைத் திறந்தார். முகம் சுளித்தார்.

"என்னம்மா இது, எல்லாம் மஞ்சள் அடிக்குது?"

"மீட்டர்ல சரியாத்தான் இருக்கு ஸார்."

"மீட்டர் சொல்றது இருக்கட்டும். இங்க வந்து உக்காரு. உன் கண்ணு என்ன சொல்லுது?"

உட்கார்ந்து பார்த்தேன். எனக்கும் மஞ்சளாகத்தான் தெரிந்தது. பக்கத்து மேஜை கவிதா வந்து பார்த்தாள். அவளுக்கும் அப்படித்தான். மஞ்சள் உடுத்தி வந்த மூன்று பேர் வரிசையாகப் பார்த்து, மஞ்சள் என்று ஒரே குரலில் சொன்னோம். "ஆமா ஸார், மஞ்சளாத்தான் இருக்கு" என்று என் வாயாலேயே சொன்னேன். அவர் இருநூற்றுப் பன்னிரண்டு படங்களிலும் ஒரே அடியாக மஞ்சளைக் குறைத்து அனுப்பினார்.

படங்கள் கடையின் இணையதளத்தில் ஏறின. மாம்பழ மஞ்சள் எலுமிச்சையாகத் தெரிந்தது. அரக்கு, கத்திரிப்பூ நிறமானது. சந்தன வெள்ளைப் புடவை நீலம் போட்டு அலசின வேட்டி மாதிரி நின்றது. படத்தைப் பார்த்து வாங்கியவர்கள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் புடவைகளைத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வாரம் வசுந்தரா மேடம் போனில் கத்தியது மேனேஜர் அறையைத் தாண்டி எங்களுக்குக் கேட்டது.

அன்று மத்தியானம் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஸார் எழுதினார். சாய்பிரியா செய்த தவறான கலிப்ரேஷனால் நிறுவனத்துக்குப் பெரிய கெட்ட பெயர், அவரை இன்றோடு வேலையிலிருந்து அனுப்புகிறோம். பதினேழு பேர் அதைப் படித்தார்கள். நான் பதில் எழுதி முடிப்பதற்குள் என்னைக் குரூப்பிலிருந்தே நீக்கிவிட்டார். எழுதின பதில் என் கையிலேயே நின்றுவிட்டது.

இந்தத் தொழிலில் இந்த ஊரில் மொத்தமே நாலைந்து இடங்கள். எல்லா இடத்திலும் அந்தச் செய்தி எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. வேலை போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். என் கண் போனதைத்தான் தாங்க முடியவில்லை. மீட்டர் சரி என்கிறது, கண் தப்பு என்கிறது. இரண்டில் எதை நம்புவது? கரியாஹாட் மார்க்கெட்டில் கத்திரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு "தாதா, இது என்ன கலர்?" என்று கடைக்காரரை அண்ணன் முறை வைத்துக் கேட்டிருக்கிறேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

நாலு மாதம் கழித்துத்தான் ஜாதவ்பூரில் இந்த வேலை கிடைத்தது. நடத்துபவர் ஃபிராங்க்ளின் அண்ணன், தூத்துக்குடிக்காரர். முதல் நாள் நான் ஆரஞ்சு சுடிதாரில் திரை முன்னால் உட்காரப் போனேன். ஒரு சாம்பல் நிறக் கோட்டைத் தூக்கி என் மடியில் போட்டார்.

"இத மாட்டிக்க. கண்ணாடித் திரை முன்னாடி கலர் துணியோட உக்காந்தா நீ பாக்கறது படத்த இல்ல, உன் சட்டைய."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். நான் லேப்டாப்பை அணைத்துப் பார்த்தேன். கறுப்புத் திரையில் என் ஆரஞ்சு நெஞ்சு தெரிந்தது. பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என் கண் கெட்டுப்போகவில்லை. என் கலிப்ரேஷன் தப்பில்லை. அன்றைக்கு ஆபீஸ் முழுக்க மஞ்சள் துணி, அதன் நடுவில் எட்டு கண்ணாடிகள், அவ்வளவுதான். அழுது முடித்தபோது என் மனதில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆசை. அந்தப் பதினேழு பேருக்கும் இது தெரிய வேண்டும். அவர் வாயால் தெரிய வேண்டும்.

வாய்ப்பு தானாக வந்தது. சூடுகண்ட வசுந்தரா மேடம், இந்த வருஷம் கோவிந்தராஜன் ஸார் புதிதாக வாங்கிய லேப்டாப்பை வெளியாள் சோதித்துச் சான்று தந்தால்தான் படங்களைக் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டார். அவர்கள் தேடி வந்த வெளியாள் எங்கள் நிறுவனம். மெயிலில் நான் என் பெயரைப் போடவில்லை. 'சோதனைப் பிரிவு' என்று மட்டும் போட்டு, தேதியைக் குறித்து அனுப்பினேன்.

அன்று காலை சீக்கிரம் போனேன். வருகிறவர்களுக்காகக் கொக்கியில் மூன்று சாம்பல் கோட்டுகள் தொங்கும். திரை முன்னால் யார் உட்கார்ந்தாலும் மாட்டிவிட வேண்டும் என்பது எங்கள் விதி. மூன்றையும் எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். என் கோட்டை மட்டும் மாட்டிக்கொண்டேன்.

வசுந்தரா மேடம் முதலில் வந்தார். ஐம்பதைத் தாண்டிய, கறாரான பெண்மணி, கருநீலப் புடவை. என்னை இதற்கு முன் பார்த்ததில்லை. ஐந்து நிமிஷம் கழித்து லேப்டாப் பையோடு கோவிந்தராஜன் ஸார் வந்தார். மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள். தோளில் சாமந்தி இதழ் ஒன்று ஒட்டியிருந்தது.

"ஆரே, சாய்! நீ இங்கயா இருக்கே? பாலோ ஆச்சோ? நல்லா இருக்கியாம்மா?"

அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. முகம் கறுத்திருந்தால், தடுமாறியிருந்தால், ஒருவேளை நான் அலமாரியைத் திறந்து கோட்டைக் கொடுத்திருப்பேன். அவர் பஸ்ஸில் பழைய பக்கத்துவீட்டுப் பெண்ணைப் பார்த்தவர் மாதிரி சிரித்தார்.

"நல்லா இருக்கேன் ஸார். உக்காருங்க" என்றேன்.

லேப்டாப்பை அரைமணி நேரம் சூடாக விட்டு, மீட்டரைத் தொங்கவிட்டு அளந்தேன். சராசரி வித்தியாசம் புள்ளி எட்டு. நாலு மூலையிலும் வெளிச்சம் சமம். கறுப்பு கறுப்பாக இருந்தது. அருமையான திரை. மோசமாக இருந்திருக்கக் கூடாதா என்று உள்ளுக்குள் எரிந்தது. ஆனாலும் வந்த எண்ணை அப்படியே எழுதினேன்.

"மீட்டர் வேலை முடிஞ்சுது. இனி கண்ணால ஒரு தடவ பாக்கணும். உங்க ஆபீஸ்ல நிறத்துக்கு ஓகே சொல்றது யாரு ஸார்?"

"நான்தான். வேற யாரு?"

"அப்ப நீங்களே பாருங்க."

திரைக்குப் பக்கத்தில் வெளிச்சப் பெட்டிக்குள் சந்தன வெள்ளைப் பட்டுத்துண்டு ஒன்றை வைத்தேன். திரையில் அதே துண்டின் படம், நானே எடுத்து அளந்து சரிபார்த்தது. அவர் தலைக்கு மேலே இருந்த விளக்கை முழுசாக ஏற்றினேன். மேடம் ஒரு பக்கமாகத் தள்ளி உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டும் ஒண்ணா இருக்கா ஸார்?"

கண்ணைச் சுருக்கினார். குனிந்தார். குனியக் குனிய அவருடைய மஞ்சள் நெஞ்சு திரைக்கு இன்னும் கிட்டே போனது.

"இல்லம்மா. திரை மஞ்சள் அடிக்குது. நீ இன்னும் அதே தப்பத்தான் பண்றே."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காக அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். கொஞ்ச நஞ்சம் இருந்த இரக்கமும் அதோடு போனது.

"எவ்வளவு குறைக்கணும்? நீங்களே குறைங்க."

மவுஸைப் பிடித்து இழுத்தார். நிறுத்தினார். இன்னும் கொஞ்சம் இழுத்தார். "ஹா, இப்ப சரி."

"உறுதியாவா ஸார்?"

"முப்பது வருஷக் கண்ணும்மா இது."

வசுந்தரா மேடம் தள்ளியிருந்த இடத்திலிருந்தே சொன்னார்: "எனக்கு நீலமா தெரியுதே, கோவிந்தராஜன்."

"அங்கேர்ந்து பாத்தா அப்படித்தான் தெரியும் மேடம். ஆங்கிள்."

நான் அலமாரியைத் திறந்து ஒரு சாம்பல் கோட்டை எடுத்தேன். முதலில் திரையை அணைத்தேன். கறுப்புக் கண்ணாடியில் ஒரு பெரிய மஞ்சள் வயிறு தெரிந்தது. மேடம் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். பிறகு ஸாரிடம் கோட்டை நீட்டி, கழுத்துவரை பொத்தான் போடச் சொல்லி, திரையை ஏற்றினேன்.

நீலம். அவரே இழுத்து, அவரே சரி என்று சொன்ன பட்டுத்துண்டு, நீலம் போட்டு அலசின வேட்டியாக நின்றது. அவர் பட்டுத்துண்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி பட்டுத்துண்டைப் பார்த்தார்.

"மேடம், போன வருஷம் கலிப்ரேஷன் தப்புன்னு சொல்லி ஒரு பொண்ண வேலைய விட்டு அனுப்பினாங்க இல்ல, அது நான்தான்" என்றேன். "உங்க படமெல்லாம் இவங்க ஆபீஸ்லேர்ந்து எந்தத் தேதிக்கு வந்துச்சுன்னு கொஞ்சம் கேட்டுப் பாருங்க."

மேடம் என்னை மேலும் கீழும் பார்த்தார். போனை எடுத்தார். அறைக்குள் சிக்னல் கிடைக்காததால் வெளியே வராந்தாவுக்குப் போய்க் கடைக்குப் பேசினார்.

நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருந்தோம். கோவிந்தராஜன் ஸார் கோட்டை விலக்கி உள்ளே இருந்த பஞ்சாபியைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். அவர் முகத்தில் அவமானத்தைவிட நிம்மதிதான் அதிகம் தெரிந்தது.

"சட்டையா! ஓ மா, சட்டையா காரணம்? ஒரு வருஷமா மண்டைய உடைச்சுக்கறேன், அன்னிக்கு ஏன் அப்படி ஆச்சுன்னு..."

சொல்லிக்கொண்டே போனவர் நடுவில் நிறுத்தினார். ஆனால் வந்துவிட்டது. என் காதில் விழுந்துவிட்டது.

"எதுக்கு ஸார் மண்டைய உடைச்சீங்க? தப்பு என் கலிப்ரேஷன்லதானே? அத நம்பினவருக்கு மண்டைய உடைக்க என்ன இருக்கு?"

அவர் கோட்டின் பொத்தானைத் திருகினார்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்கு சாயங்காலமே. வீட்டுக்குப் போய் குளிச்சிட்டு, பனியனோட உக்காந்து லேப்டாப்பத் திறந்தேன். எல்லாம் நீலமா இருந்துச்சு. ஏன்னு புரியல. ஆனா உன்னோடது சரி, நான் போட்டதுதான் தப்புன்னு தெரிஞ்சுது. ஷோனோ, சாய், கேளும்மா. தெரியாம பண்ணின தப்புன்னு மேடம்கிட்ட சொல்லிக்கோ. எல்லாருக்கும் வர்றதுதான், மன்னிப்பாங்க. தெரிஞ்சும் மறைச்சேன்னு மட்டும் சொல்லாத. இந்த வேலை போனா ஆபீஸையே மூடணும். உன் காலப் புடிச்சுக் கேக்கறேன்."

வசுந்தரா மேடம் திரும்பி வந்தார். கறார் முகம் கொஞ்சம் இளகியிருந்தது. "சரஸ்வதி பூஜை அன்னிக்கு அஞ்சு மணிக்குத்தான் வந்திருக்கு. அட, ஆபீஸே மஞ்சள்ல உக்காந்து வேலை பாத்தா என்ன ஆகும்? பாவம், தெரியாம நடந்தது. உனக்குத்தான் அநியாயம் நடந்துபோச்சும்மா. கோவிந்தராஜன், அவகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடுங்க. ஆகவேண்டியதப் பாப்போம்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். என் கலிப்ரேஷன் சரி என்று நிரூபணமாகிவிட்டது. மன்னிப்பும் கிடைக்கப்போகிறது. கோவிந்தராஜன் ஸார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர் நின்றது.

"தெரியாம இல்ல மேடம்" என்றேன். "அன்னிக்கு சாயங்காலமே இவருக்குத் தெரியும். இப்பத்தான் என்கிட்ட சொன்னாரு. உங்களுக்கு ஒரு போன் பண்ணியிருந்தா படத்த ஏத்தாம நிறுத்தியிருக்கலாம். பண்ணல."

அளந்ததில் பாதியைச் சொல்லிப் பாதியை மறைப்பது என் தொழிலுக்கு அழகில்லை, அதனால் சொன்னேன் என்று ஃபிராங்க்ளின் அண்ணனிடம் பிறகு சொன்னேன். அது பொய். வலிக்கட்டும் என்றுதான் சொன்னேன். சொன்னதும் ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் புரண்டது. நன்றாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரொம்ப நன்றாக இருந்தது.

மேடம் கத்தவில்லை. "அப்படியா கோவிந்தராஜன்?" என்று மட்டும் கேட்டார். அவர் தலையைக் குனிந்தார். "அப்ப நம்ம வேலை இதோட முடிஞ்சுது" என்று சொல்லிக் கைப்பையை எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று கொக்கியையும் அலமாரியையும் ஒரு பார்வை பார்த்தார். "இந்தத் தேதிய நீதானே குறிச்சே?" என்றார் என்னிடம். ஆமாம் என்றேன். படியிறங்கிப் போனார்.

ஸாரும் எழுந்தார். நான் கதவுக்கு முன்னால் போய் நின்றேன்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு ஸார். என்னைப் பத்தி எந்த குரூப்ல எழுதினீங்களோ, அதே குரூப்ல எழுதுங்க. இப்பவே. என் கண்ணு முன்னாடி."

"எல்லாம் போச்சு, இனிமே அது எதுக்கும்மா?"

"எனக்கு அதுதான் வேணும்."

உட்கார்ந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் கைபேசியில் எழுதினார். சாய்பிரியாவின் கலிப்ரேஷன் சரியாகத்தான் இருந்தது. தப்பு என்னுடையது. அது அன்றைக்கே எனக்குத் தெரிந்தும் மறைத்தேன். ஒரு எழுத்தை விடாமல் படித்துப் பார்த்துவிட்டு, அனுப்புங்கள் என்றேன். அனுப்பினார்.

பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொருவராகப் படிப்பது தெரிந்தது. ஐந்து, ஒன்பது, பன்னிரண்டு. கவிதா என்ன எழுதுவாள், அந்த ஆபீஸில் என் முகத்தைப் பார்க்காமலே வழியனுப்பிய முத்துக்குமார் அண்ணன் என்ன எழுதுவார் என்று எத்தனையோ தடவை மனதுக்குள் எழுதிப் பார்த்திருக்கிறேன்.

முதல் பதில் வந்தது. அபிநவ் என்று ஒரு பெயர், எனக்குத் தெரியாத முகம். வங்காள மொழியில் எழுதியிருந்தான்.

"சாய்பிரியா கே, ஸார்?" சாய்பிரியா யார்?

"கவிதா எங்க?" என்று கேட்டேன்.

"பெங்களூரு போயிட்டா. முத்துக்குமாரும் போயாச்சு. அப்ப இருந்த ஆளுங்க யாருமே இப்ப இல்லம்மா. எல்லாம் புதுப் பசங்க." கைபேசியை என் பக்கம் நீட்டினார். "கேக்கறானே, என்ன எழுதட்டும்?"

"நான் பொய் சொல்லி வேலைய விட்டு அனுப்பின பொண்ணுன்னு எழுதுங்க."

அப்படியே எழுதினார். யாரோ ஒருவர் அதற்கு அழுகிற முகம் ஒன்றைப் போட்டார். அதற்குக் கீழே இன்னொருவர், நாளைக்கு ஆபீஸ் லீவா என்று கேட்டிருந்தார்.